கரண்டு இல்லாத மதியங்கள்

இன்று காலை எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்றுவிட்டது. நான் கவனிக்கவில்லை. கையில் போன் இருக்கும்போது சுவரை யார் பார்க்கிறார்கள்? அம்மாதான் கண்டுபிடித்தாள். அவளால் இப்போது ஊசியில் நூல் கோக்க முடியாது, ஆனால் வீட்டில் எது நின்றாலும் கண்ணில் பட்டுவிடும்.

"நின்ன கடிகாரத்த செவுத்துல வச்சிருக்காதடி, ஆகாது. ஒண்ணு ஓட விடு, இல்ல எறக்கி வை" என்றாள்.

பேட்டரி தேடி அலமாரியின் அடியில் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்தேன். அந்த டின்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அம்மா எதையும் தூக்கிப் போடமாட்டாள், எல்லாம் அதற்குள் போகும். போன் இல்லாத சார்ஜர், சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவி. திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டுக்கு என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். பூட்டுக்குப் பஞ்சமில்லை, திறக்கிற பூட்டுக்குத்தான் எங்கள் வீட்டில் பஞ்சம். அத்தனைக்கும் அடியில் அக்காவின் பிரிக் கேம் கிடந்தது.

உங்களில் பாதிப் பேர் அதைக் கையில் வைத்து ஆடியிருப்பீர்கள். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி, சின்னத் திரை, நாலைந்து மஞ்சள் பொத்தான்கள். மேலிருந்து கட்டங்கள் விழும், திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும், ஒரு வரிசை நிறைந்தால் மறைந்துவிடும். பெட்டியின் முகப்பில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இருப்பதாகப் போட்டிருக்கும். ஆடிப் பார்த்தால் எல்லாம் அதே விளையாட்டுதான், வேகம்தான் வேறு.

பின்மூடியைத் திறந்தேன். இரண்டு பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. அதுவும் எப்போதோ கசிந்து, ஸ்பிரிங்கில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போயிருந்தது. இன்னொன்று எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதே சுவர்க்கடிகாரத்துக்குள்தான் போனது.

உண்மையைச் சொன்னால் அப்பா அந்தப் பெட்டியை வாங்கியது எனக்காக. பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு இறங்கி வரும்போது, அடிவாரத்துக் கடையில் நான் அடம்பிடித்து வாங்க வைத்தேன். எனக்கு அது கைவரவில்லை. கட்டம் விழ விழப் பதற்றமாகி, தலையில் மிச்சமிருந்த சந்தனத்தைச் சொறிந்துகொண்டே தோற்பேன். ஒருநாள் அக்கா வாங்கிப் பார்த்தாள். அதன் பிறகு அது எனக்குத் திரும்பி வரவே இல்லை.

அக்காவின் பெயர் வாசுகி. என்னைவிட நாலு வயது மூத்தவள். பி.காம். முடித்துவிட்டு காலையில் அம்மாவோடு வீட்டு வேலை, சாயந்தரம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் என்று இருந்தாள். நடுவில், மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்ததிலிருந்து பால்காரர் மணி அடிக்கும் வரை, ஒரு நேரம் இருக்கிறது அல்லவா? அது அவளுடையது. பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. அந்த நேரத்தில் அவளை யாரும் கூப்பிடக் கூடாது. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாள் மட்டும் விலக்கு. எங்கள் ஊரில் தண்ணீர் வந்தால் கல்யாண மேடையிலிருந்துகூட எழுந்து வந்து குடம் பிடிப்பார்கள், அக்காவும் வருவாள். குடத்தை வைத்த கையோடு போய்விடுவாள்.

அப்போதெல்லாம் சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்டை நிறுத்துவார்கள். டிவி ஓடாது, மிக்ஸி ஓடாது, ஃபேன் ஓடாது. தெருவே விசிறிக்கொண்டு மின்வாரியத்தைத் திட்டும். அப்பா வேலை பார்த்த மோட்டார் பம்புக் கடையில் சிப்பந்திகள் எல்லோரும் ரோட்டுக்கு வந்து நிற்பார்களாம். ஊரிலேயே மின்வெட்டை ஆதரித்த ஒரே ஆள் எங்கள் அக்காதான். "டிவி இல்லன்னா யாரும் யாரையும் கூப்புட மாட்டாங்கடி. எல்லாரும் படுத்துருவாங்க. எம்புட்டு நிம்மதி" என்பாள். ஜன்னல் ஓரத்தில் பாயை விரித்து, சுவரில் கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தால், மலைக்கோட்டை நகர்ந்து வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாலும் திரும்ப மாட்டாள்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம். இதுவரை எடுத்ததில் அதிகமான ஸ்கோரை ஞாபகம் வைத்திருக்கும். ஆனால் பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் மறந்து சைபருக்கு வந்துவிடும். எனவே பேட்டரி மாற்றுவது எங்கள் வீட்டில் ஆபரேஷன் மாதிரி. தேய்ந்த பேட்டரியை அக்கா ஒரு விரலால் நெம்பித் தள்ளி, அது கீழே விழுவதற்குள் புதியதைச் செருகுவாள். செத்த நேரம் தாமதித்தாலும் போச்சு. நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், பேசக் கூடாது, முடிந்தால் மூச்சும் விடக் கூடாது. இப்படியே வருடக்கணக்கில் அந்த ஸ்கோரைக் காப்பாற்றி வந்தாள். அது எவ்வளவு என்று தெருவில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கண் பட்டுவிடுமாம்.

கேம் அலுத்தால் புத்தகம். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. மாத நாவல்களையும், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டிங்குகளையும் வாடகைக்குத் தருவார்கள். பைண்டிங் என்றால் கதையோடு அந்த வாரத்துச் சமையல் குறிப்பு, பல்பொடி விளம்பரம் எல்லாம் சேர்ந்தே வரும். கதாநாயகி கிணற்றை நோக்கி ஓடுவாள், பக்கத்தைத் திருப்பினால் ரவா கேசரி. துப்பறியும் நாவல்களில் வேறு சங்கடம். முன்னால் படித்த எவனோ ஒருவன் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை எழுதி வைத்திருப்பான். இதற்கு அக்கா ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். அந்தப் பெயரை அடிக்க மாட்டாள். பக்கத்திலேயே கதையில் வருகிற இன்னும் நாலு பேரின் பெயரை, வேறு வேறு கையெழுத்தில் எழுதிவிடுவாள். அடுத்துப் படிக்கிறவன் பாடு நிம்மதி. அவளுக்குத்தான் கொலைகாரன் யாரென்று தெரிந்துபோகும். அதைப் பற்றி அவள் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை.

அந்தக் கடைக்காரர் ஒருநாள் நான் திருப்பிக் கொடுத்த நாவலை மூக்கருகே கொண்டுபோய், "ஏம்மா, ஒங்க வீட்டுக்குப் போயிட்டு வந்த பொஸ்தகம் மட்டும் பிஸ்கட் வாசம் வருதே" என்றார். வெண்ணிலா எசன்ஸ் வாசம்தான் அது. பைண்டிங்கில் வந்த சமையல் குறிப்புகளில் ஒன்றைப் பார்த்துத்தான் அக்கா கேக்கில் இறங்கினாள்.

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது, இருந்திருந்தாலும் கரண்டு கிடையாது. பக்கத்து வீட்டு ஃபிலோ டீச்சர் ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு கரண்டு ஓவனில் கேக் வைத்து, பாதியில் கரண்டு போய், நடுவில் குழி விழுந்த கேக்கோடு வந்து நின்றார். "வாசுகி, இத என்ன பண்ணலாம்?" அக்கா குழிக்குள் ஜாமை ஊற்றி மூடிவிட்டாள். அந்த வருடம் தெருவில் எல்லோரும் டீச்சர் ஏதோ புதுசாகச் செய்திருக்கிறார் என்று பாராட்டினார்கள். அக்கா அடுப்பையே நம்பினாள். பழைய குக்கரில் சலித்த மணலைப் பரப்பி, வெயிட்டும் ரப்பரும் போடாமல், உள்ளே ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் கேக் டப்பாவை வைப்பாள். வெந்து முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று எந்தக் குறிப்பிலும் இல்லை. அவள் கணக்கு வேறு. "மூணு ஆட்டம் தோத்தா கேக்கு வெந்துரும்" என்பாள். அவள் நன்றாக ஆடுகிற நாளில் கேக் கருகும். நாங்கள் கருகிய கேக்கைத்தான் அதிகம் தின்றிருக்கிறோம்.

இதில் ஏதாவது ஒன்றில் பரிசு கிரிசு வாங்கினாளா என்றால் இல்லை. கேக் விற்றதில்லை, கதை எழுதியதில்லை. சும்மா பிடித்திருந்தது, செய்தாள். இப்படி ஒரு பெண் இருப்பதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. வரன் பார்க்க ஆரம்பித்ததும் அது பெரிய விஷயமாகிவிட்டது.

சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. தோட்டம், தென்னை, ஒரே பையன். பையனின் அத்தை வாஞ்சையாகத்தான் கேட்டார். "மத்தியானத்துல என்னம்மா பண்ணுவ? தையலு கியலு தெரியுமா?"

"ஒண்ணும் பண்ண மாட்டேங்க. கதை படிப்பேன், கேம் ஆடுவேன். தோணுச்சுன்னா கேக்கு போடுவேன்" என்றாள் அக்கா.

வடையும் காபியும் முடித்துப் போனவர்கள், பெண் கொஞ்சம் சோம்பல் போலத் தெரிகிறது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அம்மா அன்று அடுக்களையில் போட்ட சத்தத்தில் பாத்திரங்கள் நசுங்கின. "ஏன்டி, தையல் தெரியும்னு ஒரு வார்த்த சொன்னா ஒன் வாயா வெந்துரும்?"

சாயந்தரம் மாடியில் துணி எடுக்கும்போது நான் கேட்டேன். பொய் சொல்லியிருக்கலாமே, கல்யாணத்துக்கப்புறம் யார் பார்க்கப் போகிறார்கள்? அக்கா துணியை மடித்தபடியே சொன்னாள். "காலம்பூரா வேல செய்யிறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லடி. அந்த மத்தியானத்த மட்டும் விட்டுட்டாப் போதும். அவுங்க நகை நட்டு கேட்டா இல்லேங்குறதுக்கு நமக்கு வக்கில்ல, நான் இதக் கேட்டா தப்பா?" அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. எந்த வீட்டில் இதை விட்டுவைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சொல்லப்போனால் அதற்குள் எங்கள் தெருவில் கல்யாணமாகிப் போன எந்த அக்காவுக்கும் மதியம் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்து வந்தது பழனி இடம். அடிவாரத்தில் சின்ன லாட்ஜ் வைத்திருந்தவர்கள். அம்மா இந்த முறை முன்ஜாக்கிரதையாக இருந்தாள். நாவல்கள் கட்டிலுக்கடியில் போயின. மணல் குக்கர் பரணில் ஏறியது. எல்லாம் முடித்து, பையன் வீட்டார் ரெட்டியார்சத்திரம் தாண்டிவிட்டார்கள் என்று போன் வந்த பிறகுதான் அம்மா சுவரைப் பார்த்தாள். கடிகாரம் நின்றிருந்தது. பெண் பார்க்க வருகிற நேரத்தில் வீட்டில் நின்றுபோன கடிகாரம்! கடைக்கு ஓட ஆளில்லை. அப்பா தெருமுனையில் காருக்கு வழி காட்ட நின்றுகொண்டிருந்தார். அம்மா ஒரு நொடி யோசித்தாள். அக்காவின் கேமைத் திறந்தாள், ஒரு பேட்டரியை உருவினாள், கடிகாரத்தில் போட்டாள். கடிகாரம் ஓடியது. பெட்டியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஒரு பெரிய கண்டத்தைத் தாண்டிய முகம் அது.

அக்கா உள்ளே தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாது.

வந்தார்கள், உட்கார்ந்தார்கள். பெரியவர்கள் கோத்திரம், குலதெய்வம், இந்த வருடத்து மழை என்று போனார்கள். மாப்பிள்ளைக்கு ஜன்னலோர நாற்காலி. கையை எங்கே வைப்பதென்று தெரியாத ஆள். கண்ணில் பட்ட பெட்டியை எடுத்து, பொத்தானை அமுக்கினார். ஓடவில்லை. திருப்பி, பின்மூடியைத் தள்ளிப் பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் அக்கா காபித் தட்டோடு வந்தாள்.

"ஏனுங்க, பேட்டரியக் கழட்டீட்டீங்களா?" என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல். "ஸ்கோரு போயிருக்குமுங்களே."

ஒருவருக்கும் புரியவில்லை. அம்மா மட்டும் கடிகாரத்தைப் பார்த்தாள். அக்கா அம்மாவைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அழப் போகிறாள், இந்த இடமும் போயிற்று என்று நினைத்தேன். அவள் நேராகப் போய் அவருக்குத்தான் முதல் காபியைக் கொடுத்தாள். பெரியவர்கள் இருக்கும்போது அப்படிக் கொடுப்பது வழக்கமில்லை.

அன்றைக்கே சரி என்றுவிட்டாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் தனியே கேட்டேன், ஆளிடம் ரெண்டு வார்த்தைகூடப் பேசவில்லையே. "ஸ்கோரு போயிருக்குமேன்னு சொன்னாருல்ல. அது போதும்டி" என்றாள். ஆடித் தெரிந்தவர், அந்த நேரத்தின் அருமை தெரிந்தவர் என்று அவள் கணக்கு. அந்தப் பழைய பெட்டியை அவள் பிறகு தொடவில்லை. இனி முதலிலிருந்தா என்று விட்டுவிட்டாள்.

கல்யாணமாகிப் பழனிக்குப் போனதும் மாமா அடிவாரத்துக் கடையில் அவளுக்குப் புதிதாக ஒரு பிரிக் கேம் வாங்கித் தந்தார். அவள் ஆசையாக, "மொதல்ல நீங்க ஆடுங்க" என்று நீட்டியிருக்கிறாள். மனிதருக்குக் கட்டத்தைத் திருப்புகிற பொத்தான் எதுவென்றே தெரியவில்லை. அப்புறம் எப்படி ஸ்கோர் விஷயம் தெரிந்தது என்று குடைந்ததில் சங்கதி வெளியே வந்தது. லாட்ஜில் தங்கிய ஒரு பிள்ளை, மலைக்குப் போகும்போது கேமைக் கவுண்டரில் கொடுத்து வைத்திருக்கிறது. கவுண்டர் கடிகாரம் நின்றுபோக, இவர் அதிலிருந்து பேட்டரியை உருவிப் போட்டிருக்கிறார். மொட்டைத் தலையோடு இறங்கி வந்த பிள்ளை, ஸ்கோர் போச்சென்று பஸ் ஏறும் வரை அழுகையை நிறுத்தவில்லையாம். "அந்தச் சத்தம் இன்னும் காதுலயே இருக்குதுங்க" என்றாராம் மாமா.

அக்கா எனக்குப் போன் போட்டுச் சிரித்த சிரிப்பு! "கொலைகாரனே இவருதான்டி! மொத பக்கத்துல எவனும் பேரு எழுதி வைக்கலையே!"

ஆனால் பாருங்கள், நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஆடத் தெரியாத அந்த மனிதர்தான் அவளுடைய மதியத்துக்குக் காவல் இருந்தார். லாட்ஜில் ரூம் காலி செய்கிறவர்கள் மதியத்துக்குள் போய்விடுவார்கள், அடுத்த கூட்டம் வெயில் தாழத்தான் வரும். நடுவில் யாராவது அக்காவைக் கேட்டு வந்தால், "அவ தூங்கறாளுங்க" என்று கவுண்டரிலேயே தடுத்துவிடுவார். அவருக்கு ஒரு சூட்சுமம் தெரிந்திருந்தது. தூங்குகிறவளை எழுப்ப எல்லோரும் யோசிப்பார்கள், புத்தகம் படிக்கிறவளை எழுப்ப ஒருவரும் யோசிக்க மாட்டார்கள். உள்ளே அக்கா காலைச் சுவரில் வைத்துக்கொண்டு நாவல் படித்துக்கொண்டிருப்பாள்.

கேக்கும் நிற்கவில்லை. அந்த வீட்டில் முட்டை நுழையாது. தயிர், ஆப்பசோடா என்று என்னென்னவோ செய்து பார்த்து, மாவு சேர்ந்து நிற்கவில்லையென்று ஒருநாள் பஞ்சாமிர்த டப்பாவை எடுத்து மாவில் கவிழ்த்துவிட்டாள். வாழைப்பழமும் வெல்லமும் பேரீச்சையும் அதிலேயே இருக்கிறதே! மாமியார் வாசத்துக்கு எழுந்து வந்தார்.

"ஏங்கண்ணு, பிரசாதத்தப் போயி அடுப்புல வெக்கலாமா?"

"பொங்கலும் அடுப்புல வச்சுத்தான அத்தை படைக்கிறோம்?"

அவர் குனிந்து அடுப்பை எட்டிப் பார்த்தார். பிறகு, "ஒரு துண்டு குடு, பாக்கலாம்" என்றார். நான் போகும்போதெல்லாம் அந்தக் கேக் கிடைக்கும். அது ஒருநாளும் கருகியதில்லை. புதுக் கேமில் அவள் அத்தனை நன்றாக ஆடவில்லை போலிருக்கிறது.

இப்படியே பல வருடம் போயிற்று. பிள்ளைகள் பிறந்தன, மதியம் பிழைத்தது. பிள்ளைகளைத் தாண்டியே பிழைத்ததென்றால் இனி யார் என்ன செய்துவிட முடியும் என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு மாமா அவளுக்கு ஒரு டச் போன் வாங்கித் தந்தார். அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "எல்லாம் இதுக்குள்ளயே இருக்குடி! கதை, கேமு, கேக்கு வீடியோ, எல்லாம் ஓசி!" கரண்டும் அதற்குள் ஒழுங்காக வர ஆரம்பித்திருந்தது. அதே போனில் லாட்ஜையும் இணையத்தில் ஏற்றினார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்து ரூம் போட வசதியாக, கூப்பிட ஒரு நம்பர் கொடுக்க வேண்டும் அல்லவா? மாமாவுக்குப் பேச்சு வராது, அக்கா தன்மையாகப் பேசுவாள். அவள் நம்பரைக் கொடுத்தார்கள். வெந்நீர் வருமா, கார் நிறுத்த இடம் இருக்கா, ரோப் கார் ஓடுதா, குழந்தைக்கு மொட்டை எங்கே போடலாம்? காலை, மதியம், மாலை என்று இல்லை. எடுக்காவிட்டால் லாட்ஜுக்கு மதிப்பெண்ணாகப் போடும் நட்சத்திரத்தைக் குறைத்துவிடுவார்கள். இப்போது அவள் காப்பாற்றுகிற ஸ்கோர் அதுதான். அந்தப் போனுக்குப் பின்மூடி கிடையாது, பேட்டரியை யாரும் கழற்ற முடியாது. மாமாவாலும் இப்போது, அவ தூங்கறாளுங்க என்று சொல்ல முடிவதில்லை. கேட்கிறவர்கள் கவுண்டருக்கு வந்து கேட்பதில்லை.

யாரும் பிடுங்கவில்லை. மாமியார் பிடுங்கவில்லை, பிள்ளைகள் பிடுங்கவில்லை. அதனாலேயே எனக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. வாடகைப் புத்தகக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் ரிப்பேர்க் கடை இருக்கிறது, அது கிடக்கட்டும். கடை போனால் வேறு கடை. அந்த மதியம் எங்கே கிடைக்கும்?

கடைக்குப் போய்ப் புது பேட்டரி மூன்று வாங்கி வந்தேன். கடிகாரத்துக்கு ஒன்று. மீதி இரண்டை, கத்தி முனையால் ஸ்பிரிங்கைச் சுரண்டிவிட்டு, கேமில் போட்டேன். நம்ப மாட்டீர்கள், பழைய பாட்டைப் பாடிக்கொண்டு எழுந்துவிட்டது. ஸ்கோர் மூலையில் சைபர். மதியச் சாப்பாடு முடிந்து அம்மா கண் அயர்ந்திருந்தாள். அக்காவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வணக்கங்க, சொல்லுங்க. எத்தன பேருங்க வர்றீங்க?"

"ஒரு ஆளுதான்" என்றேன்.

"ஒரு ஆளுக்குன்னா கீழயே ரூம் இருக்குங்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "ஏய், நீயாடி? பேரு பாக்காம எடுத்துட்டேன்."

கேம் ஓடுகிறது என்று சொன்னேன். "ஸ்கோரு?" என்றாள்.

"சைபர்."

"இருக்கட்டும். கழட்டிராத, அப்படியே வை. நான் வந்து ஆடுறேன்."

"எப்ப வார?"

"இந்தக் கூட்டம் கொறையட்டும்டி, வாரேன்." அதற்குள் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்து விட்டுவிட்டு ஒலித்தது. வைத்துவிட்டாள்.

பழனியில் கூட்டம் என்றைக்குக் குறைந்திருக்கிறது?

அம்மா எழுந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவைத்தேன். கேமில் ஸ்கோர் சைபர்தான், ஆனாலும் கடிகாரம் நின்றால் நிற்கட்டும், கேமில் இருக்கிற பேட்டரியைத் தொடக் கூடாது.

"அதுல ஸ்கோரே இல்லேங்குற" என்றாள் அம்மா. "அப்பறம் எதுக்குடி காவலு?"